முதல் மென்பொருள் வேலை: சென்னையா, மதுரையா, காரைக்குடி வீடா?

சித்தப்பா மகளுக்கு மூன்று இடங்களில் வேலை கிடைத்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிப் பக்கத்தில் கோட்டையூர் வீட்டுத் திண்ணையில் மூன்று ஆஃபர் லெட்டரையும் பிரிண்ட் எடுத்துப் பரப்பி, காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு காப்பி டம்ளரை வைத்துவிட்டு, "அண்ணே, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

முதலாவது, கல்லூரிக்கே வந்து ஆளெடுத்த பெரிய சர்வீஸ் கம்பெனி, அதாவது மற்ற நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்து கொடுக்கும் இடம். சென்னை ஓ.எம்.ஆரில் வேலை, வருடத்துக்கு 3,60,000 ரூபாய். இரண்டாவது, மதுரையில் நாற்பது பேர் வேலை பார்க்கும் சின்ன கம்பெனி. மருந்துக்கடைகளுக்கும் சிறிய மருத்துவமனைகளுக்கும் பில் போடுகிற, சரக்கிருப்புப் பார்க்கிற மென்பொருளைச் சொந்தமாகச் செய்து விற்கிறார்கள். வருடத்துக்கு 4,20,000. மூன்றாவது, அமெரிக்காவில் இருக்கும் ஒரு சின்ன ஸ்டார்ட்அப். எங்கும் போக வேண்டாம், வீட்டிலிருந்தே வேலை. மாதம் 70,000. ஆனால் ஊழியராக எடுக்கவில்லை, கான்ட்ராக்ட்.

சித்தப்பாவுக்குப் பெரிய கம்பெனிதான் பிடித்திருக்கிறது. "நாலு பேருகிட்ட பேரைச் சொன்னா தெரியணும் தம்பி" என்கிறார். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் முப்பது வருடம் நின்று வேலை பார்த்தவர். மகளுக்கு உறுதியான இடம் வேண்டும் என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. சித்திக்கு மூன்றாவது. பெண் கண்முன்னால் இருப்பாள், பணமும் இரண்டு மடங்குக்கு மேல். மகளுக்கோ மதுரை மேல் ஒரு கண். அதை அப்பாவிடம் சொல்லத்தான் தயக்கம்.

நான் பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மூன்று வகையிலும் வேலை பார்த்தாயிற்று. ஐந்தாறு வருடமாக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இன்டர்வியூவும் எடுக்கிறேன். அவளிடம் அன்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே மாதிரித் தாள்களோடு தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் புதுவயலிலும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் பணத்தைப் பேசிவிடலாம். அதைப் பேசாமல் எங்கள் வீட்டில் வேறு எதையும் பேச விடமாட்டார்கள்.

3,60,000 என்றால் மாதம் 30,000 கைக்கு வரும் என்று சித்தப்பா நினைத்திருந்தார். தாளின் மூன்றாம் பக்கத்தில் இருந்த கணக்கை அவருக்குப் படித்துக் காட்டினேன். அடிப்படைச் சம்பளம் 15,000, வீட்டு வாடகைப்படி 6,000, மற்ற படி 3,978. கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800, கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) 722, இன்ஷூரன்ஸுக்கு 500, வேரியபிள் என்று 2,000. எல்லாம் சேர்ந்துதான் அந்த 30,000. இதில் முதல் மூன்று வரி மட்டுமே மாதாமாதம் சம்பளமாக வரும்: 24,978. அதிலிருந்து அவள் பங்கு பி.எஃப். 1,800 போனால் 23,178. தொழில் வரி தனி. வேரியபிள் கம்பெனியின் லாபத்தையும் நம் மதிப்பீட்டையும் பொறுத்தது. வரலாம், பாதி வரலாம். கிராஜுவிட்டி, நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் இருந்தால்தான் கிடைக்கும். முதல் வேலையில் ஐந்து வருடம் இருப்பவர்கள் குறைவு.

மதுரைத் தாளில் வேரியபிள் இல்லை. மாதம் 35,000-இல் இரண்டு பக்கத்து பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் போக முப்பதாயிரத்துச் சொச்சம் கைக்கு வரும். சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் சாப்பாட்டோடு ஹாஸ்டலுக்கு ஆகிற செலவைவிட மதுரையில் குறைவு. இரண்டு பேர் சேர்ந்து அறை எடுத்தால் இன்னும் குறையும். காரைக்குடிக்கு பஸ் ஏறினால் திருப்பத்தூர், மேலூர் வழியாக இரண்டு மணி நேரம். வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டில் சாப்பிடலாம். சென்னை என்றால் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்குமா என்று இரண்டு மாதத்துக்கு முன்பே பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஆம்னி பஸ் கேட்கிற பணத்தைக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது தாளின் 70,000 முழுசாக வரும். ஆனால் பி.எஃப். கிடையாது, மருத்துவக் காப்பீடு கிடையாது, சம்பளத்தோடு லீவு கிடையாது. காய்ச்சலில் பத்து நாள் படுத்தால் பத்து நாள் பணம் இல்லை. இன்வாய்ஸ் எழுதி அனுப்பி, டாலர் ரூபாயாகி வங்கிக்கு வந்த பிறகு, வருமான வரிக் கணக்கை ஒரு ஆடிட்டரை வைத்துத் தாக்கல் செய்ய வேண்டும். இவ்வளவுக்கும் பிறகும் மூன்றில் இதுதான் அதிகப் பணம். அதில் சந்தேகமே இல்லை. அவள் பெயரில் கல்விக் கடன் இருக்கிறது. படிப்பு முடிந்த கொஞ்ச காலத்தில் தவணை தொடங்கிவிடும். அதனால் பணத்தை அற்பமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் நான் அவளிடம் முதலில் கேட்டது வேறு கேள்வி. "முதல் இரண்டு வருஷம் நீ எழுதுற ப்ரோகிராம் கோடை (code) யார் உட்கார்ந்து வாசிக்கப் போறாங்க? மூணு இடத்துலயும் அந்த ஆளோட பேரு உனக்குத் தெரியுமா?"

இது எங்கள் பக்கத்துக்குப் பழகிய விஷயம்தான். எங்கள் ஐயா தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பர்மா, மலேயா, இலங்கை என்று நகரத்தார் கடை வைத்திருந்த காலத்துக் கதைகளை அந்த வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கேட்டு எங்களுக்குச் சொல்வார். முதலில் போகிற பையன் பெட்டியடிப் பையன். பெட்டியடியில், அதாவது கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எடுபிடி வேலையும் பார்த்துக்கொண்டு, கணக்கு எழுதுவதைப் பார்ப்பான். அப்புறம் மேலாளுக்கு உதவியாக அடுத்தாள். அப்புறம்தான் கடையையே பொறுப்பேற்று நடத்தும் மேலாள். ஒரு தடவை போனால் ஏறக்குறைய மூன்று வருடம். அதை ஒரு கணக்கு என்பார்கள். அந்தப் பையனுக்கு ஆரம்பத்தில் பெரிய சம்பளம் ஒன்றும் இல்லை. ஆனால் அவன் போட்ட கணக்கைப் பக்கத்திலேயே இருந்த ஒருவர் பார்த்தார், தப்பை அன்றைக்கே காட்டினார். மென்பொருளில் முதல் மூன்று வருடமும் அப்படித்தான். நாம் எழுதியதை நம்மைவிடத் தெரிந்தவர் வரிவரியாக வாசித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கோட் ரிவ்யூ என்று அதற்குப் பெயர். அது இல்லாத இடத்தில் மூன்று வருடம் இருந்தால் ஒரு வருட அனுபவத்தை மூன்று தடவை வாங்கியது மாதிரி ஆகிவிடும்.

எனக்கு அப்படி ஆனது. கல்லூரி முடித்ததும் ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்தேன். சேரும்போதே மார்க் ஷீட் ஒரிஜினல்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் பயிற்சி நன்றாகத்தான் போனது. அப்புறம் ஐந்து மாதம் பெஞ்ச், அதாவது ப்ராஜெக்ட் எதுவும் இல்லாமல் சும்மா இருப்பது. தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸில் போய், அட்டையைத் தேய்த்து உள்ளே நுழைந்து, கேன்டீனில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவேன். பிறகு ஒரு ப்ராஜெக்ட் கிடைத்தது. டெஸ்ட் ரிப்போர்ட்டை ஒரு எக்செல் தாளிலிருந்து இன்னொரு எக்செல் தாளுக்கு மாற்றும் வேலை. பதினான்கு மாதத்தில் நான் எழுதிய கோடை ஒருவர்கூடப் பார்க்கவில்லை, எழுதியதே கொஞ்சம்தான். வீட்டில் அம்மா எல்லோரிடமும் கம்பெனி பெயரைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கின்றன.

அங்கிருந்து திருச்சியில் ஒரு சின்ன கம்பெனிக்குப் போனேன். முதல் வாரம் நாற்பது வரியில் ஒரு ஃபங்ஷன், அதாவது ப்ரோகிராமின் ஒரு சின்னப் பகுதி, எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாள் காலையில் அது இருபத்துமூன்று குறிப்புகளோடு திரும்பி வந்தது. ஒரு மாறிக்கு (variable) 'டேட்டா' என்று பெயர் வைத்திருந்தேன், "எந்த டேட்டா? படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?" என்று அதற்கே ஒரு குறிப்பு. எழுதியவர் எனக்கு நான்கு வயது மூத்த அண்ணன் ஒருவர். மத்தியானம் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு, இருபத்துமூன்றையும் விளக்கினார். அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து இன்னும் வைத்திருக்கிறேன். அந்த இரண்டு வருடம்தான் என்னை இந்த வேலைக்கு ஆளாக்கியது.

பெரிய கம்பெனி எல்லோருக்கும் இப்படித்தான் அமையும் என்று சொல்லவில்லை. அங்கே நல்ல ப்ராஜெக்ட் கிடைத்து, நல்ல டீம் லீட் கிடைத்து மேலே வந்தவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு. வங்கி, காப்பீடு, விமான நிறுவனம் மாதிரி பெரிய அமைப்புகளின் மென்பொருளை உள்ளே போய்ப் பார்க்க அதுதான் வாசல். வெளிநாடு போக ஆசை இருந்தாலும் அந்த வழி எளிது. ஆங்கிலம் பேசத் தயங்குகிற பிள்ளைகளுக்கு அங்கே கிடைக்கும் பயிற்சியும் பெரிய விஷயம். சிக்கல் என்னவென்றால், எந்த ப்ராஜெக்ட், யாருக்குக் கீழே என்பது நம் கையில் இல்லை, சேரும் நாள்வரை நமக்குத் தெரியவும் தெரியாது. பிடிக்கவில்லை என்று கிளம்பினால், விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய நோட்டீஸ் பீரியட் பெரும்பாலும் 90 நாள். ஒரு மாதத்தில் ஆள் வேண்டும் என்கிற சின்ன கம்பெனிகள் அதனாலேயே கையை விரித்துவிடும்.

"பெரிய இடம்னா பாதுகாப்புதானே தம்பி?" என்று சித்தப்பா கேட்டார். அவர் காலத்தில் அது சரி. 2025 ஜூலையில் பெரிய ஐ.டி. கம்பெனியான டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேரளவில் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள். புதிதாகச் சேர்கிறவர்களை அது நேராகத் தொடவில்லை என்றாலும், கம்பெனியின் பெயரே காப்பாற்றும் என்று இனி யாரும் சொல்ல முடியாது. கையில் ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு சேரும் தேதிக்காக ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். கற்ற தொழில் கையில் இருப்பதுதான் மிச்சம்.

சரி, யார் நம் கோடை வாசிப்பார் என்று சேர்வதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் இன்டர்வியூ இருக்கிறது. அவர்கள் நம்மைப் பார்க்கும் அதே ஒரு மணி நேரத்தில் நாமும் அவர்களைப் பார்க்கலாம். கம்பெனியின் உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியாளுக்குத் தெரியும் ஒரே நாள் அது.

அவளை மூன்று இன்டர்வியூவையும் அப்படியே நடித்துக் காட்டச் சொன்னேன். சென்னை கம்பெனியில் முதலில் ஆன்லைன் தேர்வு: கணக்கு, ஆங்கிலம், இரண்டு கோடிங் கேள்வி. அதில் தேறியவர்களுக்கு இருபது நிமிட நேர்காணல். மூன்றாவது மாறி இல்லாமல் இரண்டு எண்களை இடம் மாற்று, அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் என்ன வித்தியாசம், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பற்றிச் சொல். அப்புறம் எச்.ஆர்.: எந்த ஊருக்கு அனுப்பினாலும் போவாயா, நைட் ஷிஃப்ட் பரவாயில்லையா. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பேரைப் பார்ப்பவர்களுக்கு வேறு வழி இல்லைதான். ஆனால் அவளிடம் கேள்வி கேட்டவரை அவள் இனி பார்க்கப் போவதில்லை.

மதுரையில் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டிலிருந்து ஏ.ஐ. துணையோடு பதில் சொல்கிறவர்கள் பெருகிவிட்டதால் பல கம்பெனிகள் இப்போது மறுபடியும் நேரில் கூப்பிடுகின்றன. அங்கே எண்பது வரி கோடைக் கொடுத்து, "இது என்ன செய்கிறது என்று சத்தமாக வாசித்துச் சொல்லுங்கள்" என்றார்களாம். எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் அவள் சேரப்போகும் டீமிலேயே இருப்பவர்கள். காலாவதியாகும் மருந்துகளைப் பட்டியலிடும் பகுதி அது. மாதம் மட்டும் அச்சடித்த மருந்து அந்த மாதம் முதல் தேதியிலா, கடைசித் தேதியிலா காலாவதி ஆகும் என்று கோடில் தெளிவாக இல்லை என்று அவள் சொன்னதும், அந்த இரண்டு பேருக்குள்ளேயே பத்து நிமிடம் விவாதம் நடந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

எனக்குத் திருச்சியில் நடந்ததும் இதே மாதிரிதான். வட்டி கணக்குப் போடும் ஒரு ப்ரோகிராமைக் கொடுத்து, தப்பு இருந்தால் கண்டுபிடி என்றார்கள். மார்ச் 1-ம் தேதி கொடுத்து 31-ம் தேதி திரும்ப வாங்கினால் அது 31 நாளுக்கு வட்டி போட்டது. எங்கள் ஐயா நினைவுக்கு வந்தார். "கொடுத்த நாளையும் சேர்ப்பீங்களா, இல்லை வாங்கின நாளை மட்டுமா? அதைத் தெரிஞ்சுக்காம இது தப்புன்னு சொல்ல முடியாது" என்றேன். அந்த அண்ணன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எங்க ஊரு உங்களுக்கு?" என்று கேட்டார். "காரைக்குடி பக்கம்" என்றேன். அதோடு விடவில்லை. "சரி, சர்வர் நேரத்தை யூ.டி.சி.யில் சேமிக்குது. ஏப்ரல் 1-ம் தேதி விடியக்காலை இரண்டு மணிக்கு ஒரு கடன் பதிவாகுது. என்ன ஆகும்?" என்றார். யூ.டி.சி. என்பது உலகப் பொது நேரம். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் போகிறது. அதனால் சர்வரில் அது மார்ச் 31, இரவு எட்டரை. ஒரு நாள் வட்டி மட்டும் இல்லை, நிதியாண்டே மாறிவிடும். இதை யோசித்து முடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை. இப்படி ஒருவரிடம் வேலை பார்க்க வேண்டும் என்று அந்தக் கால் மணி நேரத்தில்தான் முடிவு செய்தேன்.

சித்தப்பா இதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நாங்களும் அப்படித்தான் ஆளு எடுப்போம்" என்றார். பட்டறையில் புதிதாக வேலை கேட்டு வருகிறவனிடம் அவர் கேள்வி கேட்பதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்துக் கொடுத்து, வண்ணக் குழம்பை ஊற்றச் சொல்வார். ஒரு கட்டத்து வண்ணம் அடுத்த கட்டத்தில் கசியாமல் ஊற்றுகிறானா, அச்சைத் தூக்கும்போது கோடு கலையாமல் தூக்குகிறானா என்று பார்ப்பார். சரியாக வராவிட்டால் பக்கத்தில் நின்று இன்னொரு கல்லைத் தானே போட்டுக் காட்டுவார். மதுரைக்காரர்கள் செய்தது இதுதான் என்று அவருக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது. நான் அதற்கு மேல் விளக்கவில்லை.

மூன்றாவது கம்பெனியின் இன்டர்வியூவும் மோசம் இல்லை. மூன்று நாள் அவகாசம் கொடுத்து ஒரு சின்ன வேலையை வீட்டிலேயே செய்து அனுப்பச் சொன்னார்கள். அப்புறம் ராத்திரி ஒன்பதரைக்கு வீடியோவில் அதைப் பற்றிப் பேசினார்கள். மரியாதையாகப் பேசினார்களாம். ஆனால் டீமில் மொத்தம் நான்கு பேர், நான்கு நாட்டில். அவள் பார்க்கப்போகும் பகுதிக்கு அவளைவிட அனுபவம் உள்ளவர் யாரும் இல்லை; "நீதான் அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய்" என்று பெருமையாகச் சொன்னார்கள். பத்து வருடம் வேலை பார்த்தவருக்கு அது நல்ல வார்த்தை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு, தப்பு செய்தால் தப்பு என்று சொல்ல ஆள் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

நானே இப்போது வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன்தான், நான்கு வருடமாக. அதனால் சித்தியிடம் மனம் விட்டுப் பேச முடிந்தது. நாங்கள் குடியிருப்பது நடுவில் முற்றம் வைத்த பழைய வளவு வீட்டில் ஒரு பகுதி. கனத்த சுண்ணாம்புச் சுவர். முகப்பில் ரௌட்டரை வைத்தால் இரண்டாம் கட்டுக்கு சிக்னல் வராது. தூண் ஓரமாக கேபிள் இழுத்துத்தான் வேலை நடக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்ட் நிறுத்தும் நாளில் இன்வெர்ட்டர் முக்கால்வாசி நேரம் தாங்கும், ஆனால் தெருமுனையில் இருக்கும் இணையப் பெட்டிக்குக் கரண்ட் போனால் நம் இன்வெர்ட்டரால் ஒன்றும் ஆகாது. இதெல்லாம் செலவு செய்தால் சரியாகும். சரிக்கட்ட முடியாதது ராத்திரி வேலை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை பத்து மணி நமக்கு இரவு ஏழரை அல்லது எட்டரை. ஊரில் கல்யாணம், திருவிழா, சொந்தக்காரர் வருகை எல்லாமே அந்த நேரத்தில்தான். "வீட்டுலதானே இருக்கே" என்று ஆளாளுக்கு ஒரு வேலை சொல்வார்கள், அதை மறுத்தால் வருத்தம். பெண் பிள்ளைக்கு இது இன்னும் கூடுதல். சித்தி இதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பின்னால் வேறு கம்பெனிக்குப் போகும்போது பழைய அனுபவத்தைச் சரிபார்ப்பார்கள், அதற்கு பி.எஃப். கணக்கைப் பார்க்கும் கம்பெனிகள் நிறைய. கான்ட்ராக்டில் இருந்தவர்களிடம் அது இருக்காது. இன்வாய்ஸ், வங்கிக் கணக்கு, ஒப்பந்தம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்து காட்ட வேண்டும். முதல் வேலையே அப்படி அமைந்தால், அந்த அனுபவத்தைக் கணக்கிலேயே எடுக்காத இடங்களும் உண்டு.

ஊரிலிருந்து வேலை பார்ப்பதே தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இந்த ஊர்தான் வேண்டும், இங்கேயே இருக்கத்தான் இத்தனையும் கற்றுக்கொண்டேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் இங்கே மின்வேதியியல் ஆய்வகம் திறந்தார்கள். ஊர் சின்னது என்று அப்போது அறிவியல் வராமல் போகவில்லை. ஸோஹோ என்ற மென்பொருள் கம்பெனி 2011-இல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டது. காரைக்குடிக்கும் நியோ டைடல் பார்க் என்ற சிறிய ஐ.டி. வளாகம் கட்டுவதாக அரசு அறிவித்தது. இந்த இடங்களுக்கெல்லாம் பொதுவானது, தெரிந்தவரும் கற்றுக்கொள்கிறவரும் ஒரே கூரைக்குக் கீழே உட்காரலாம் என்பது. தனியாக ஒரு லேப்டாப்போடு உட்காருவது அதற்கு ஈடாகாது. தொழில் கைக்கு வந்த பிறகு தனியாக உட்காரலாம். மூன்று வருடம் கழித்து அவளே வீட்டிலிருந்து வேலை தேடினால் நானே ரௌட்டர் மாட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மதுரையில் என்ன பயம்? சின்ன கம்பெனி மூழ்கலாம். சம்பளம் தள்ளிப் போகலாம். முதலாளியின் குணமே கம்பெனியின் குணமாக இருக்கும், அது எப்படியும் இருக்கலாம். இதை விசாரிக்காமல் சேரக் கூடாது. அன்றைக்கே திண்ணையில் உட்கார்ந்து போனில் இரண்டு இடத்தில் பார்த்தோம். மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கம்பெனி பெயரைத் தேடினால் எப்போது பதிவானது, கடைசியாக எந்த வருடத்துக் கணக்கைத் தாக்கல் செய்திருக்கிறது என்று தெரியும். பி.எஃப்.பை நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ. தளத்தில் நிறுவனத்தைத் தேடினால், எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்கு என்றைக்கு பி.எஃப். கட்டினார்கள் என்பது யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது. மாதம் தவறாமல் கட்டியிருந்தார்கள். ஆட்களின் எண்ணிக்கை இரண்டு வருடமாக முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடையே நின்றது, திடீரென்று பாதியாகவில்லை. சித்தப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மாதமாகத் தானே பார்த்தார்.

வேலைக்காக யாராவது பணம் கேட்டால், டெபாசிட், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும், அங்கே போக வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழைக் கேட்டால் சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தரச் சொல்லுங்கள். நான் அன்று வாயைத் திறக்கவில்லை; பதினான்கு மாதம் கழித்துக் கிளம்பும்போது அதை வாங்க மூன்று தடவை அலைந்தேன்.

யாருக்கு எது என்று கேட்டால் என் எண்ணம் இது. கோடிங்கில் இன்னும் கை வரவில்லை, ஆங்கிலமும் தயக்கம், வேறு நல்ல ஆஃபரும் இல்லை என்றால் பெரிய கம்பெனியில் தைரியமாகச் சேரலாம். பயிற்சிக் காலத்தை வீணாக்காமல், முதல் ஆறு மாதத்துக்குள் நல்ல ப்ராஜெக்டைக் கேட்டு வாங்க வேண்டும், வாய் விட்டுக் கேட்டால் சில நேரம் கிடைக்கும். வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கிறது, தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் நிற்கிறது என்றால் 70,000-ஐ வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எடுத்துக்கொண்டு, உங்கள் கோடைப் பார்த்துச் சொல்ல வெளியில் ஒரு மூத்தவரைத் தேடிக்கொள்ளுங்கள். கொஞ்சமாவது மூச்சுவிட இடம் இருக்கிற வீடென்றால், உங்கள் கோடை வாசிக்கப் போகிறவரை இன்டர்வியூவிலேயே காட்டிய இடத்துக்குப் போங்கள். அவள் வீட்டில் தவணைத் தொகை மதுரைச் சம்பளத்தில் அடங்கும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டோம்.

கையெழுத்துப் போடும் முன் மதுரை கம்பெனிக்கு ஒரு தடவை போன் செய்து மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். நான் யாரிடம் வேலை பார்ப்பேன், என் கோடை யார் ரிவ்யூ செய்வார், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பயந்தாள். நான் இன்டர்வியூ எடுத்தவர்களில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்களைத்தான் எனக்கு அதிகம் பிடித்தது என்று சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை கேட்டிருக்கிறாள். நோட்டீஸ் 60 நாள் என்று எச்.ஆர். சொல்லிவிட்டு, மற்ற இரண்டுக்கும் நீங்களே பேசுங்கள் என்று போனை ஒரு அக்காவிடம் கொடுத்திருக்கிறார். இன்டர்வியூவில் காலாவதித் தேதிக்காகச் சண்டை போட்ட இருவரில் ஒருவர். "நான்தான் பார்ப்பேன். அந்தத் தேதி விஷயத்தை நாங்க மாத்திட்டோம், அது சரியா வேலை செய்யுதான்னு பார்க்க நீங்க வந்ததும் முதல்ல டெஸ்ட் கோட் எழுதணும்" என்றாராம்.

அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். சித்தப்பா மதுரையில் அறை பார்க்க இந்த ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை பஸ்ஸுக்குக் கிளம்பச் சொல்லியிருக்கிறார். நானும் கூடப் போகிறேன்.